வெயிலுக்குச் சாதி தெரியாது, நிழலுக்குத் தெரியும்

(மே தினத்தையொட்டி தூத்துக்குடியில் நடந்த இளைஞர் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெப்பமும் உழைக்கும் மக்களும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். புவி வெப்பமாதல், பனிப்பாறை உருகுதல் என்றெல்லாம் தொடங்கலாம். நான் இராமநாதபுரத்திலிருந்து தொடங்குகிறேன்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. பட்டியலின் கடைசியில் இருக்கும் தடை இது: ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பட்டியலை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். சுயமரியாதை மறுக்கப்பட்ட கதையாகத்தான் வாசித்தோம். அது சரிதான். ஆனால் உழைப்பவர்களின் உடல்நலத்தை ஆய்வு செய்கிற ஒருவனாக இதே பட்டியலை நான் வேறு மாதிரியும் வாசிக்கிறேன். குடை, செருப்பு, சட்டை, மேலாடை. இவையெல்லாம் என்ன? மனித உடம்புக்கும் சூரியனுக்கும் நடுவில் நிற்கிற பொருட்கள். இன்னாருடைய உடம்பு வெயிலில் காய வேண்டும், இன்னாருடைய உடம்பு நிழலில் இருக்க வேண்டும் என்று சாதி எழுதி வைத்த பட்டியல் அது.

இன்று அப்படி யாரும் வெளிப்படையாக அறிவிப்பதில்லை. ஆனால் ஒரு மே மாத மதியம் இரண்டு மணிக்கு உங்கள் ஊரைச் சுற்றி வாருங்கள். குப்பை அள்ளுகிறவர் யார், சாலைக்குத் தார் ஊற்றுகிறவர் யார், செங்கல் சூளையில் நிற்கிறவர் யார், உப்பளத்தில் குனிந்திருக்கிறவர் யார், குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து அவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர் யார் என்று பாருங்கள். அந்தப் பட்டியல் இன்னும் அமலில்தான் இருக்கிறது. எழுத்து மட்டும் அழிந்திருக்கிறது.

"வெயில் எல்லாருக்கும் பொதுதானே, இதில் எங்கே சாதி வந்தது? ஏழை வெயிலில் நிற்கிறான், பணக்காரன் நிற்கவில்லை, அவ்வளவுதானே?" என்று சிலர் கேட்பார்கள். முற்போக்கு பேசுகிற நண்பர்களே கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு உணர்ச்சியால் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஆய்வே இருக்கிறது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, தேசிய அளவிலான தொழிலாளர் கணக்கெடுப்பில் இடம்பெற்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை எடுத்து, 2019, 2022 ஆண்டுகளின் வெப்ப அலைகளோடு ஒப்பிட்டது. 2025இல் டெமோகிராஃபி ஆய்விதழில் அது வெளியானது. கடும் வெயிலில் வெளியே வேலை செய்கிற நேரம் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஆதிக்கச் சாதியினரைவிட அதிகம் என்று அது காட்டியது. வயது, பாலினம், கல்வி, பொருளாதார நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. அதாவது, ஒரே அளவு படித்து, ஒரே அளவு வசதியுள்ள இருவரை எடுத்துக்கொண்டாலும் வெயிலில் நிற்கும் நேரத்தைச் சாதி தனியாக நிர்ணயிக்கிறது. ஆய்வாளர்கள் இதை வெப்ப அநீதி என்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் சாதியை வேலைப் பிரிவினை என்று ஏற்கவில்லை, வேலை செய்பவர்களைப் பிரித்து அடுக்கிய ஏற்பாடு என்றார். அந்த அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்களுக்குக் கூலி குறைவு, மரியாதை குறைவு என்பது நமக்குத் தெரியும். நிழலும் குறைவு என்பதைச் சேர்த்துச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

தோழர்களே, வெப்பம் உடம்பை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். இது மருத்துவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. நம் அப்பாவுக்கும் அத்தைக்கும் நாளைக்கு நடக்கக்கூடியது.

நம் உடம்பின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். உழைக்கும்போது தசைகளே வெப்பத்தை உண்டாக்கும். அதை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் போதாது, அது ஆவியாக வேண்டும். ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பில் நீர் குறையும், ஆனால் உடம்பு குளிராது. இதயம் வேகமாக அடிக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல், மயக்கம் வரும். உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் மூளை தடுமாறும். அதுதான் வெப்பவாதம். உடனே குளிர்விக்காவிட்டால் உயிர் போகும்.

இப்போது வானிலைத் துறையின் கணக்கைப் பாருங்கள். கடலோர நிலையங்களில் வெயில் 37 டிகிரியையாவது எட்ட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அப்போதுதான் அதற்கு வெப்ப அலை என்று பெயர். தூத்துக்குடியில் 36 டிகிரி வெயிலில், கடல் ஈரத்தில், உப்பின் கண்ணாடி வெளிச்சத்தில் ஆறு மணி நேரம் உப்பு வாரினால் அது வெப்ப அலை இல்லை. அறிவிப்பும் வராது, எச்சரிக்கையும் வராது. உடம்பு மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

தொழிலாளர் உடல்நல ஆய்வில் வேறொரு அளவைப் பயன்படுத்துகிறார்கள். காற்றின் வெப்பம், காற்றின் ஈரம், நேரடி வெயிலின் தாக்கம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் அளவு அது. ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்று பெயர். அதில் ஈரத்துக்குத்தான் பத்தில் ஏழு பங்கு இடம். நடுத்தர உழைப்பை இடைவிடாமல் செய்ய அந்த அளவு ஏறத்தாழ 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஓய்வு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கருவி கையில் பிடிக்கும் அளவில்கூடக் கிடைக்கிறது. நான் போன எந்த உப்பளத்திலும் அதைப் பார்த்ததில்லை. உப்பின் தரத்தை அளக்கக் கருவி இருக்கிறது. உப்பு வாருகிறவரின் மேல் விழும் வெப்பத்தை அளக்க இல்லை.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செய்தார்கள். முடிவுகள் 2023இல் வெளிவந்தன. சுமார் 90 சதவீதம் பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. அதே குழுவினர் திருவண்ணாமலை மாவட்டத்தில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களில் 5 சதவீதம் பேருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. அப்படி வேலை செய்யாதவர்களில் அது 2 சதவீதம். வயிற்றில் இருக்கும் பிள்ளைவரை வெயில் போய்விட்டது, தோழர்களே.

நான் கடந்த சில ஆண்டுகளாக உப்பளத் தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்குகிறார்கள். "வெயிலுக்கு முந்தி முடிச்சிரணும்" என்பது அவர்களே கண்டுபிடித்த பாதுகாப்பு. அதற்கும் விலை உண்டு. அந்த நேரத்துக்கு வர வேண்டுமென்றால் ஒரு பெண் இரண்டு மணிக்கு எழுந்து சோறு பொங்கி வைக்க வேண்டும். இருட்டில் நடந்து வர வேண்டும். தூக்கம் கெட்ட உடம்பு வெப்பத்தை இன்னும் குறைவாகவே தாங்கும். இவ்வளவு செய்தும் வேலை பத்து, பதினொரு மணிவரை இழுத்துவிடுகிறது. சுமை ஏற்றுகிறவர்களுக்கு அதற்கு மேலும்.

எல்லா வழிகாட்டி நூல்களிலும் முதலில் இருப்பது தண்ணீர். வெயிலில் வேலை செய்கிறவர்கள் 15, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல ஆலோசனை. இதை ஒரு உப்பளத்தில் நான் சொன்னபோது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா சிரித்துவிட்டார். "குடிச்சா ஒதுங்கணும்லா தம்பி? இந்த வெட்டவெளியில எங்க போயி ஒதுங்க?" என்று கேட்டார். பத்துப் பெண்களிடம் கேட்டால் பத்துப் பேரும் அதையே சொல்வார்கள். காலையில் வீட்டில் கொஞ்சம் குடிப்பது, பிறகு வேலை முடிந்து திரும்பும்வரை குடிக்காமல் இருப்பது. சிறுநீரை அடக்குவது, அதனால் தொற்று, எரிச்சல், இடுப்பு வலி. கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் குடி என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வது ஆலோசனையே இல்லை.

இன்னொரு கேள்வி: யாருடைய தண்ணீர்? வயல் வேலைக்குப் போகும் தலித் பெண் பம்புசெட்டில் தானே போய்க் குடிக்க முடியுமா, யாராவது ஊற்றக் கையேந்தி நிற்க வேண்டுமா? பெருநகரத்தில் குப்பை எடுக்கும் தொழிலாளி ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டால் வீட்டு டம்ளரில் கொடுப்பார்களா, தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய பாட்டிலில் கொடுப்பார்களா? நான் பேசிய தூய்மைப் பணியாளர்களில் பலர், கேட்டு அவமானப்படுவதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்றார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அது ஒரு தலைமுறையின் மானப் பிரச்சினை மட்டும் என்று நினைத்தோம். தாகத்தோடு வேலை செய்து சிறுநீரகம் பழுதாகும் இந்தக் காலத்தில் அது மருத்துவப் பிரச்சினையும்கூட.

சாதி, நோயை அடையாளம் காணும் இடத்திலும் வந்து நிற்கிறது. வெப்பவாதம் தாக்கிய மனிதர் எப்படி இருப்பார்? தள்ளாடுவார். நாக்குக் குழறும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். சில நேரம் கோபப்பட்டுத் திட்டுவார். பிறகு விழுவார். இப்போது கற்பனை செய்து பாருங்கள். அழுக்குச் சட்டை போட்ட ஒரு கூலித் தொழிலாளி மதியம் ஒரு மணிக்குச் சாலையோரத்தில் தள்ளாடிக் கீழே விழுகிறார். பார்க்கிறவர் வாயில் முதலில் என்ன வரும்? "பகல்லயே ஊத்திக்கிட்டான்." அந்த ஒரு வாக்கியம் அவருடைய உயிரை எடுத்துவிடும். வெப்பவாதத்தில் முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். சேரிக்காரன் என்றாலே குடிகாரன் என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கு நோயாளி தெரிவதில்லை.

அதனால் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெயிலில் வேலை செய்தவர் குழறினாலோ தடுமாறினாலோ மயங்கினாலோ அது வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று இல்லை. உழைப்பின் நடுவில் வரும் வெப்பவாதத்தில் உடம்பு நனைந்தே இருக்கலாம். நிழலுக்குத் தூக்குங்கள். 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். மேல்துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியோ அண்டாவோ இருந்தால் கழுத்துக்குக் கீழே தண்ணீரில் அமர்த்தி, தலை மூழ்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது. இந்த வரிசை மாறக் கூடாது.

அடுத்து ஒரு பொய்யைப் பற்றிப் பேச வேண்டும். "அவங்களுக்கு வெயில் பழகிப்போச்சு" என்ற பொய். கங்காணி சொல்வார், முதலாளி சொல்வார், சில நேரம் உழைப்பைப் போற்றுவதாக நினைத்து நம் கவிஞர்களும் சொல்வார்கள். உரமேறிய உடம்பாம், கருத்த மேனியாம். உடம்பு வெப்பத்துக்குப் பழகுவது உண்மைதான். அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அந்த நாட்களில் வியர்வை சீக்கிரம் சுரக்கவும், உப்பைக் குறைவாக இழக்கவும் உடம்பு கற்றுக்கொள்கிறது. அவ்வளவுதான் பழக்கம். வேலையை விட்டுச் சில வாரம் விலகி இருந்தால் அதுவும் போய்விடும். இருபது வருஷம் வெயிலில் நின்றதால் சிறுநீரகம் இரும்பாகிவிடாது. பழகியவர்கள் என்றால் ஏன் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்தது?

பழக்கம் பற்றிய அறிவியல் உண்மையில் முதலாளிக்கு ஒரு கடமையைச் சொல்கிறது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பின் கணக்குப்படி வெப்பத்தால் நேரும் தொழிலிட மரணங்களில் ஏறத்தாழ பாதி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே நேர்கின்றன. 70 சதவீதத்துக்கும் மேல் முதல் வாரத்துக்குள். எனவே புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்பது அங்கே வழிகாட்டு நெறி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி நம் ஊர்க் கட்டடங்களுக்கு வரும் தொழிலாளியை நாம் எப்படி நடத்துகிறோம்? இறங்கிய மறுநாளே முழு வேலை. அவர்களையும் சேர்த்துத்தான் நாம் பேச வேண்டும். மண்ணின் மைந்தர் அரசியல் இந்த இடத்தில் நமக்கு வேண்டாம்.

இத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்றால் ஏன் கணக்கில் வரவில்லை? 2024 கோடையில் மார்ச் 1 முதல் ஜூன் 18 வரை நாடு முழுவதும் வெப்பவாத மரணங்கள் என்று உறுதி செய்யப்பட்டவை 110 என்று ஒன்றிய அரசின் புள்ளிவிவரம் சொன்னது. அதே 2024இல், ஜூன் 1 என்ற ஒரே நாளில், உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியில் இருந்த 33 பேர் வெப்பத்தால் இறந்ததாக அந்த மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். அவர்களில் தூய்மைப் பணியாளர்களும் ஊர்க்காவல் படையினரும் இருந்தார்கள். அவர்கள் ஏன் எண்ணப்பட்டார்கள்? அன்றைக்கு அவர்கள் பெயர் ஒரு அரசுப் பட்டியலில் இருந்தது. உப்பளத்தில் மயங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, இரவில் உயிர் போனவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார்? "நெஞ்சு வலி" என்று ஊர் சொல்லும், சான்றிதழிலும் அதுவே ஏறும்.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது, முந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு மொத்த மரணங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். சான்றிதழில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்காமல், எத்தனை பேர் கூடுதலாகப் போனார்கள் என்று எண்ணியதால்தான் அது தெரியவந்தது. அதன் பிறகுதான் 2013இல் அந்த நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல் திட்டத்தைக் கொண்டுவந்தது. எண்ணப்படாத மரணத்துக்கு எந்த அரசும் திட்டம் போடாது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் அந்தப் பணம் கிடைக்க, இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று மருத்துவர் சான்று தர வேண்டும். உடம்பின் வெப்பத்தை உரிய நேரத்தில் அளக்காமல் அந்தச் சான்று எப்படி வரும்? மேலும், இது செத்த பிறகு கொடுக்கும் பணம். சாகாமல் இருக்க என்ன வழி என்பதே நம் கேள்வி.

சட்டத்தைத் தேடிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிற்கூடத்துக்கு உள்ளே காற்றோட்டமும் தாங்கக்கூடிய வெப்பமும் இருக்க வேண்டும் என்றது. கூரைக்கு வெளியே நிற்பவரைப் பற்றி அது பேசவில்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் குடிநீரையும் கழிப்பறையையும் சொன்னது. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. ஆனால் இத்தனை டிகிரிக்கு மேல் போனால் வேலையை நிறுத்த வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி தர வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி எங்கேயும் இல்லை. வெப்பச் செயல் திட்டங்கள் இருக்கின்றனவே என்பார்கள். டெல்லியில் உள்ள கொள்கை ஆய்வு மையம் 2023இல் 37 திட்டங்களை எடுத்துப் படித்தது. யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்பதை முறையாக மதிப்பிட்டவை அவற்றில் இரண்டே இரண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சட்ட பலமும் இல்லை. யார் வெயிலில் நிற்கிறார்கள் என்று கேட்டால் சாதி என்று பதில் எழுத வேண்டிவரும். அதனால்தானோ என்னவோ, கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று கேட்காதீர்கள். நடந்திருக்கிறது. பக்கத்தில் கேரளாவில் ஒவ்வொரு கோடையிலும் பகல் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டட வேலைக்குப் போகிற கத்தாரில், பல ஆண்டு மரணங்களுக்கும் உலகளாவிய கண்டனத்துக்கும் பிறகு, 2021இல் விதி வந்தது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலைக்குத் தடை. ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்கள் வயலில் செத்து விழுந்த பிறகு, 2005இல் தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் முதலாளியின் சட்டக் கடமையாக்கினார்கள்.

எல் சால்வடாரில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் இளம் வயதிலேயே சிறுநீரகம் பழுதாகி இறந்துகொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பரிசோதனை செய்தார்கள். நகர்த்திக்கொண்டு போகக்கூடிய நிழற்பந்தல், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, முறையான ஓய்வு இடைவேளை, கொஞ்சம் மேம்பட்ட வெட்டுக்கத்தி. அவ்வளவுதான். வெப்ப நோயின் அறிகுறிகள் குறைந்தன. ஒருவர் ஒரு நாளில் வெட்டும் கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாகக் கூடியது. ஓய்வு கொடுத்தால் நஷ்டம் என்று சொல்லும் முதலாளிக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள். ஆனால் நமக்குள் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம்: உற்பத்தி கூடாவிட்டாலும் ஓய்வு வேண்டும். டன் கணக்கைக் காட்டித்தான் உயிருக்கு மதிப்புக் கேட்க வேண்டும் என்ற நிலையை நாம் ஏற்கக் கூடாது.

இங்கேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. பன்னிரண்டு மணி நேரம் துணிக்கடையில் நின்றே வேலை செய்த பெண்களின் கால்வலிக்குச் சட்டம் காது கொடுத்தது. கூரைக்குக் கீழே நிற்பவருக்கு உட்காரும் உரிமை என்றால், வெட்டவெளியில் நிற்பவருக்கு நிழலின் உரிமை. மழைக்காலத்தில் உற்பத்தி இல்லாத மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை இதே அரசு கொடுக்கிறது. மழை வேலையைப் பறிக்கிறது என்று ஒப்புக்கொண்டவர்கள், வெயில் உடம்பைப் பறிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: வெளியில் வேலை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் குளிர்ந்த குடிநீர், நிழற்கூடம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. மூன்றும் சேர்ந்து. கழிப்பறை இல்லாத தண்ணீர் பாதித் தண்ணீர். தண்ணீர் எல்லாருக்கும் ஒரே குழாயில், ஒரே டம்ளரில்.

இரண்டு: ஈரக்குமிழ் கோள வெப்பநிலை அடிப்படையில் மாநிலம் முழுவதற்கும் ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் கட்டாய ஓய்வு, அதற்கு முழுக் கூலி. துண்டுக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஓய்வு என்றால் அது அவர் தனக்கே போட்டுக்கொள்ளும் அபராதம். அந்த நேரத்துக்கு ஈட்டுக் கூலி வேண்டும். இது இல்லாமல் மற்றவை எல்லாம் காகிதம்.

மூன்று: உடம்பு முடியவில்லை என்று ஒருவர் வேலையை நிறுத்தினால் மறுநாள் அவரை வேலைக்கு எடுக்காமல் விடக் கூடாது. புதியவருக்கும் நீண்ட விடுப்புக்குப் பின் திரும்புகிறவருக்கும் படிப்படியாக வேலை. கர்ப்பிணிகளுக்குக் கூலி குறையாத மாற்று வேலை.

நான்கு: உப்பளம், செங்கல் சூளை, தூய்மைப் பணி ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனை. வெப்ப நோயைத் தொழில்சார் நோயாக ஏற்றுச் சிகிச்சையும் இழப்பீடும்.

ஐந்து: கோடை மரணங்களைத் தொழில்வாரியாகவும் சாதிவாரியாகவும் எண்ண வேண்டும். எண்ணி, வெளியிட வேண்டும்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த அரங்கில் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கல்லூரியில் கட்டட வேலை நடக்கிறதா? அவர்களுக்குத் தண்ணீர் எங்கே, நிழல் எங்கே என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். உங்கள் தெருவில் குப்பை எடுக்க வருகிறவருக்கு வீட்டு டம்ளரில் தண்ணீர் கொடுங்கள், வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிடுங்கள். இதை ஈகை என்று நினைக்காதீர்கள், உங்கள் வீட்டுச் சாதியை நீங்களே உடைக்கும் வேலை அது. உங்கள் ஊரில் தொழிற்சங்கம் இருந்தால் வெப்பத்தைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். யாராவது வெயிலில் விழுந்து இறந்துபோனால், பிரேதப் பரிசோதனைக்கு முன்பே போய் நில்லுங்கள், வெப்பம் காரணமா என்று எழுத்தில் கேளுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை 1942 முதல் 1946 வரை கவனித்தார். அந்தக் காலகட்டத்தின் முடிவில், 1946இல், தொழிற்சாலை வேலை வாரத்துக்கு 48 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எவ்வளவு நேரம் உழைப்பது என்பது முதலாளியின் விருப்பம் என்று இருந்ததைச் சட்டத்தின் பொருளாக்கிய போராட்டத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த வெயிலில் உழைப்பது என்பதையும் சட்டத்தின் பொருளாக்குவது நம் தலைமுறையின் வேலை.

அன்றைக்குக் குடையைப் பறித்தவர்களுக்கு அது என்ன என்று நன்றாகத் தெரிந்திருந்தது. நிழலில் நிற்பவன் நிமிர்ந்து நிற்பான் என்று தெரிந்துதான் தடை போட்டார்கள். நாமும் அதைத் தெரிந்துகொள்வோம். நிழலைக் கேட்டு வாங்குவோம், கூலியோடு.